ரசமட்டம்

நெல் காய்ந்துகொண்டிருந்த சாலையில்
வண்டி வழுக்கி விழுந்தவன்.
ககாரின், வயது இருபத்தாறு, வடுவூர்ப் பக்கம்.
தலைமுடி மழிக்கையில்
சிஸ்டர் ஜெசிந்தா பதினோரு நெல் எடுத்தாள்.
கிட்னி ட்ரேயில் போட்டாள்.
குப்பையில் கொட்ட மனமில்லாமல்
பஞ்சால் மூடி வைத்தாள்.

தஞ்சாவூர், இரவு இரண்டே கால்.
என் பெயர்ப்பலகையில்
செங்கமலவல்லிக்குப் பின்னால் மூன்று பட்டம்.
நாலாவதற்கு இடம் போதாமல்
பெயின்டர் பொடி எழுத்தில் நுழைத்தான்.
அந்தப் பொடி எழுத்துதான் என் பிழைப்பு.
நரம்பு டாக்டரா, ஆபரேஷன் செய்வீங்களா?
இல்லை.
அப்ப மயக்க டாக்டரா?
இருந்தேன்.
அறுத்த பிறகும்
அறுக்க முடியாது என்று ஆன பிறகும்
கட்டில் பக்கத்தில் நிற்பது என் வேலை.
நிற்கப் படிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

அப்பா வைரக்கண்ணு
பொதுப்பணித் துறையில் லஸ்கர்.
வெண்ணாற்றில் ஏழு கண் ரெகுலேட்டர்,
அதில் ஒரு கண் துருப்பிடித்துத் திறக்காது.
எனக்கு மருத்துவக் கல்லூரி கிடைத்த வாரம்
முறைப்பாசனத் தகராறு.
ஏன் திறந்தாய் என்று மேல்மடைக்காரர்களும்
இவ்வளவுதானா என்று கடைமடைக்காரர்களும்
தனித்தனியாக வந்து அடித்தார்கள்.
மாலை போட்டு எடுத்த ஃபோட்டோவில்
அப்பா வலது பாதியில் மட்டும் சிரிக்கிறார்.
என் மாணவர்களிடம் காட்டினால்
முகவாதம் என்று எழுதி மார்க் கேட்பார்கள்.

ககாரின் மண்டைக்குள் ஒரு குழாய்.
காதுக்கு நேரே சுழியம் வைக்க
பெங்களூரில் லேசர் இருந்தது.
இங்கே கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம்,
ரயிலடிக் கடையில் நூற்றிருபது ரூபாய்,
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தது.
குமிழி நடுவில் நின்றால்தான்
திரையில் வரும் எண்ணை நம்புவேன்.
இருபத்தெட்டு.

மண்டை மூடிய பெட்டி.
உபரியைத் திருப்பிவிட
அதற்கொரு கொள்ளிடம் கிடையாது.
வீங்கினால் ரத்தம் ஏறாது.
ஏற்றத்தைக் கூட்டினால்தான் கடைமடை நனையும்,
கூட்டினால் சிலசமயம் வீக்கமும் கூடும்.
இரண்டு ஊரும் என்னைத்தான் அடிக்கும்.
குழாயை இரண்டு விரற்கடை இறக்கினேன்.
சொட்டு.
நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.
இருபத்துநாலு.
விடியும்போது பத்தொன்பது.

வாசலில் அவன் அக்கா முல்லைக்கொடி,
செருப்பில்லாமல்.
கை ஆடுச்சு டாக்டர், நான் பார்த்தேன்.
தன்னால் ஆடுவது என்று சொல்ல
எனக்கு எட்டு விதம் தெரியும்.
எட்டில் ஒன்றும் எடுபடவில்லை.

போன மாசம் ஐந்தாம் கட்டிலில்
மூச்சு இயந்திரத்தைப் பிரித்துவிட்டு
நெஞ்சு ஒருமுறையாவது எழும்புமா என்று
எட்டு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எழும்பவில்லை.
வீட்டுக்குப் போய் ஏழு இட்லி சாப்பிட்டேன்.
இதை இதுவரை
யாரிடமும் சொன்னதில்லை.

அங்கே என்னதான் பண்றே என்று
அப்பா ஒருமுறை கேட்டார்.
குழாய், மட்டம்,
மணிக்கொரு தரம் நோட்டில் கணக்கு என்றேன்.
சம்பளம் மட்டும் கூட,
என்று சொல்லிவிட்டு
சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார்.

பன்னிரண்டாம் நாள்.
ககாரின், ரெண்டு விரல் காட்டு.
காதருகே குனிந்து கத்தினேன்.
ககாரின், ரெண்டு.
பக்கத்துக் கட்டிலின் பம்ப் கூவி ஓய்ந்தது.
ஒரு விரல் எழுந்தது.
சொன்னதைக் கேட்டா, தன்னாலா,
ஆறு மார்க்கா, ஐந்தா?
சிஸ்டர் ஜெசிந்தா சொல்கிறாள்:
ஒன்னு முன்னாடியே காட்டிட்டான் டாக்டர்,
நீங்கதான் திரையைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க.

மணி நாலு.
சார்ட்டில் கட்டம் காலியாக இருக்கிறது.
பேனாவை மூடாமல்
இன்னொரு தரம் கேட்கிறேன்.